தானாகக் கழன்ற கொம்பு

முதலில் அந்தப் பசை டியூபைக் கீழே வையுங்கள். கயாக் படகு செய்கிற பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. டியூபின் மேல் கொட்டை எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் நிற்காது. நீங்கள் ஒட்டுவீர்கள், காயவைப்பீர்கள், இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பீர்கள், கெட்டியாக இருப்பது போலத் தெரியும், உடனே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பீர்கள். இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் போதும், வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். அப்போது யாரும் போட்டோ எடுக்க மாட்டீர்கள்.

முசரவாக்கம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் "உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று முதலாளி கேட்டார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனிடம் எதையாவது எழுதச் சொன்னால் நாலு பக்கத்தில் நிற்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த போல்ட்டுக்கு எந்த அளவுத் துளை, எங்கே ரப்பர் வைப்பது, எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் இதில் இல்லை. அதைச் சுவரில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் அதைப் படிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் போன மாதம் வந்தபோது அந்தச் சுவரில் ஹெல்மெட்டுகளை மாட்டி வைத்திருந்தீர்கள்.

நான் எழுதப்போவது ஒரே ஒரு கொம்பைப் பற்றி. கயிறு சுற்றிக் கட்டுவதற்காகப் படகின் மேல் வைக்கிற, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நைலான் துண்டு. அதன் ஆங்கிலப் பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டறையில் கொம்பு என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் அடிப்படையில் தண்ணீர்த் தொட்டி ஆள். இந்தப் பட்டறை மொட்டை மாடித் தொட்டிகள் வார்த்துக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்தவன். தொட்டியில் துளை போட்டுக் குழாய் மாட்டுவது என் வேலை. பிறகு முதலாளி ஒரு கயாக் அச்சு வாங்கினார். அதே பிளாஸ்டிக், அதே உலை, தொட்டிக்குப் பதில் படகு. தூண்டில் போடுகிறவர்கள் உட்கார்ந்து போகிற படகு. அதில் தூண்டில் செருகும் குழாய், நங்கூரக் கொம்பு, துடுப்பு மாட்டும் கொக்கி, மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிவி, இன்னும் என்னென்னவோ மாட்ட வேண்டும். எனக்கென்ன, துளைதானே என்று இருந்தேன். தொட்டியில் தப்பாகத் துளை போட்டால் தண்ணீர் வெளியே போகும், படகில் போட்டால் உள்ளே வரும். இந்த ஒரு வித்தியாசம் எனக்குச் சரியாக உறைக்க ஐந்தாறு வருஷம் ஆயிற்று.

முதலாளியை உங்களுக்குத் தெரியும். நயினார் குடும்பம், பரம்பரை ஜைனர். வெங்காயம்கூடத் தொடமாட்டார், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். அவர் விற்பது மீன்பிடிப் படகு. இதை அவரிடம் யாரும் கேட்பதில்லை. வேலைச் சீட்டில் தூண்டில் என்று ஒருநாளும் எழுதமாட்டார். 'குழாய் நாலு' என்று எழுதுவார். வாடிக்கையாளர் மீன் படத்தைக் காட்ட போனை நீட்டினால், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவர் துடைத்து முடிப்பதற்குள் மீன் படங்கள் தீர்ந்துவிடும்.

இன்னொருத்தி, உங்களுக்கு இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறவள். பெயர் போடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்போது அவள் சோதனைப் பிரிவில் இருந்தாள். பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். ஓரிக்கைக்காரி. பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷத்தில் நீச்சல் கற்றுக்கொண்டேன் என்பாள். அந்த ஆற்றைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அரிய படிப்பு என்று புரியும். நாங்கள் மாட்டி முடித்த ஒவ்வொரு படகையும் ஏரிக்குக் கொண்டுபோய், உட்கார்ந்து, வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறிப் பார்ப்பாள். ஏறும்போது எது இடிக்கிறதோ அதைக் கழற்றச் சொல்வாள். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள், நான் மாட்டியதைக் கழற்றச் சொல்கிறாள் என்பது எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளையார்பாளையத்தில் பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் படகை எடுக்க வந்தார். கடைக்காரர் என்றே அவரைச் சொல்கிறேன். அவர் மட்டும் வரவில்லை. அம்மா, மனைவி, மச்சான், ஓர் ஐயர், ரோஜா மாலை, பூசணிக்காய், தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் இரண்டு காரில் வந்து இறங்கின. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பூஜை முடிந்து படகு பட்டறை வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பது அந்த அம்மாவின் உத்தரவு.

மணி ஒன்பதே முக்கால். படகில் எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஒரு கொம்பைத் தவிர. நங்கூரக் கயிறு கட்டுகிற கொம்பு. அதைக் கை எட்டுகிற இடத்தில், இருக்கையின் பக்கத்திலேயே வைக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். நங்கூரக் கயிறு படகின் மூக்கிலிருந்தோ வாலிலிருந்தோதான் போக வேண்டும், நடுப்பக்கத்திலிருந்து போனால் காற்றடிக்கும்போது படகைச் சாய்த்துவிடும் என்று ஓரிக்கைக்காரி முன்பே சொல்லியிருந்தாள். வாடிக்கையாளர் ஆசைப்படுகிறார் என்று நான் அவள் வாயை அடைத்துவிட்டேன்.

கொம்பை மாட்டும் முறை உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து இரண்டு போல்ட்டு, உள்ளே அகலமான வாஷர், அதன்மேல் தானாகக் கழலாத பூட்டு நட்டு. டப்பாவைத் திறந்தேன். போல்ட்டு இருந்தது. வாஷர் இருந்தது. பூட்டு நட்டு ஒன்றுகூட இல்லை. முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. அதைச் சொல்லி வாங்க வேண்டியவன் யாரென்று கேட்கிறீர்களா? நான்தான்.

காஞ்சிபுரம் போய் வாங்கிவர முக்கால் மணி நேரம். அதற்குள் ராகு காலம் வந்துவிடும். வந்தால் பன்னிரண்டு வரை படகு நகராது. ஐயருக்கு அடுத்து ஒரு கிரகப்பிரவேசம் இருந்தது. அந்த அம்மா என் தலைக்குமேல் நின்றுகொண்டு, "இன்னாப்பா, இன்னும் முடியலயா? ஒரு ஸ்க்ரூ போட இவ்ளோ நேரமா?" என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சின்ன ஸ்க்ரூவை எடுத்தேன். கதவுத் தாழ்ப்பாளுக்குப் போடுவோமே, அந்த ஜாதி. கொம்பை வைத்தேன், வெளியிலிருந்தே முறுக்கினேன், இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. முதல் சர்வீஸுக்கு வரும்போது மாற்றிவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் மட்டும்தான். கடைக்காரரிடம் சொல்லவில்லை, முதலாளியிடம் சொல்லவில்லை. ஓரிக்கைக்காரி மட்டும் பக்கத்தில் வந்து, "அண்ணா, இது இன்னும் ஏரிக்கே போவலயே. நான் பாக்க வாணாமா?" என்றாள்.

"பாத்துக்கினே இரு, ராகு காலம் வந்துடும்" என்றேன்.

பூஜை நடந்தது. எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு பெரிய சர்ச்சை. படகுக்குச் சக்கரம் இல்லையே. கடைசியில் படகை ஏற்றிய தள்ளுவண்டியின் சக்கரத்தில் வைத்து நசுக்கினார்கள். கற்பூரத்தைப் படகின் மேலேயே ஏற்றப் போனார் மச்சான். நான் பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தேன். "சார், பிளாஸ்டிக் உருகிடும்! தட்டுல ஏத்துங்க!" என்று சத்தம் போட்டேன். எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். தொழில் தெரிந்தவன், எவ்வளவு ஜாக்கிரதை! பத்து இருபத்தைந்துக்குப் படகு வாசலைத் தாண்டியது.

மூன்றாவது வாரம் அதே இரண்டு கார்கள் மறுபடியும் வந்தன. கடைக்காரர் இறங்கி நேராக என்னிடம் ஓடி வந்தார். போச்சு, சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று ஸ்பானரோடு இரண்டடி பின்னால் போனேன். அவர் குனிந்து என் காலைத் தொட்டார்.

நடந்தது இதுதான். பெரிய ஏரியில் நடுவில் நங்கூரம் போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். மதியம் காற்று கிளம்பியிருக்கிறது. நங்கூரம் அடியில் மூழ்கிக் கிடந்த கருவேல மரத்தில் மாட்டிக்கொண்டது. காற்று படகை ஒரு பக்கம் தள்ள, கயிறு நடுப்பக்கத்தை இழுக்க, படகு சாய்ந்து தண்ணீர் மடிக்கு வந்துவிட்டது. கொம்பில் முடிச்சுப் போட்டிருக்கிறார். அது இறுகி நகத்துக்கும் மசியவில்லை. இவருக்கு நீச்சல் அரைகுறை. மனைவி பெயரைச் சொல்லிக் கத்தினாராம். அப்போது 'டப்'பென்று கொம்பு பிய்த்துக்கொண்டு தெறித்தது, கயிறு போய்விட்டது, படகு நிமிர்ந்தது. கொம்பு பறந்துவந்து அவர் மடியிலேயே விழுந்ததாம், முடிச்சு மட்டும் கொம்பிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிட்டதாம். கரைக்கு வந்து அழுதாராம்.

"இவ்ளோ பெரிய படகுல எது எப்ப கழலணும்னு கணக்குப் பண்ணி மாட்டியிருக்கீங்களேண்ணா! நான் உசுரோட நிக்கிறது உங்களாலதான்" என்றார் கடைக்காரர்.

பட்டறை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி கண்ணாடி துடைக்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். அந்த அம்மா இனிப்புத் தட்டை நீட்டினார். பசங்களா, அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னேன்:

"ஆமா சார். ஒரு கணக்கோடதான் போட்டேன்."

மறுவாரம் பட்டறை வாசலில் புதிய போர்டு வந்தது. ஆபத்தில் தானாகக் கழலும் பாதுகாப்புக் கொம்பு, எங்களிடம் மட்டும். முதலாளியே வாசகம் எழுதினார். டீக்கடையில் என்னை இன்ஜினியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் நாள் வெட்கமாக இருந்தது, நாலாம் நாள் திரும்பிப் பார்த்தேன், இரண்டாம் வாரம் அப்படிக் கூப்பிடாதவன்மேல் கோபம் வந்தது.

ஓரிக்கைக்காரி மட்டும் இன்ஜினியர் என்று சொல்லவில்லை. சர்வீஸுக்கு வந்த கடைக்காரர் படகில் அந்த இரண்டு துளைகளையும் விரல் விட்டுத் தடவிப் பார்த்தாள். உள்ளே கையை நுழைத்துத் துழாவினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, உள்ள வாஷர் இருந்த தடமே காணோமே?"

"அது புது முறை."

"எங்க வூட்டுக்காரரு தறியில கோர்வை போடறவரு. கரையும் உடலும் சேர்ற எடத்துல பிரிஞ்சுப்போன புடவைய எடுத்துக்கினு போய், இது டிசைனுங்கன்னு சொன்னாருன்னு வெச்சிக்கோங்க, புடவைக் கடைக்காரரு அந்தப் புடவையாலயே கட்டிப் போட்டு அடிப்பாரு."

"நேத்து வந்தவ நீ. தொட்டி காலத்துலேர்ந்து துளை போடறவன் நானு. உன் வேல படகக் கவுக்கறது, போய்க் கவுத்துக்கினு இரு" என்றேன். ரொம்பச் சத்தமாகவே சொன்னேன். தப்பு செய்தவனுக்குத்தானே குரல் பெரிதாக வரும். அவள் முகம் சிறுத்துப் போயிற்று. திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஒரு புது வாடிக்கையாளர் வந்தார். அமைதியான மனிதர், பள்ளி ஆசிரியர். இரண்டு பேர் உட்காரும் படகு கேட்டார். போர்டைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார். "என் வைஃபுக்கு நீச்சல் சுத்தமா தெரியாதுங்க. அவங்களையும் கூட்டிக்கினுதான் போவேன். அந்த ஆபத்துல கழல்ற கொம்பு இருக்குதுன்னு சொன்னதாலதான் அவங்களே ஒத்துக்கினாங்க."

எனக்கு அன்றைக்குத் தின்ற மைசூர்பாகு நினைவுக்கு வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் போர்டு இறங்கும், இன்ஜினியர் இறங்குவார். அதனால் வேறொரு கணக்குப் போட்டேன். அன்றைக்குக் கழன்ற அதே ஸ்க்ரூ, அதே நீளம், இருக்கைக்குப் பக்கத்தில் அதே இடம். ஒருமுறை கழன்றது இன்னொரு முறையும் கழலத்தானே வேண்டும்? ஒரு பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் பத்திரமாக இருக்க வேண்டும் என்று எது கேட்டாலும் மாட்டினேன். இடுக்கிக்கு ஒரு சுருள் கயிறு, துடுப்புக்கு ஒன்று, தூண்டிலுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. போன் வயர் மாதிரி சுருண்டு இழுபடுமே, அது. எதுவும் தண்ணீரில் விழுந்து தொலையாது என்று பெருமையடித்தேன்.

இந்தத் தடவை ஓரிக்கைக்காரி விடவில்லை. நேராக முதலாளியிடமே போய், "இத நான் பாக்காம வெளிய அனுப்பாதீங்க. அந்தம்மாவுக்கு நீச்சல் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். முதலாளி தலையாட்டினார். நானும் கூடப் போனேன், என் கொம்பு கழலும் அழகைப் பார்க்க.

காலை ஒன்பது மணி. ஏரி மதகுக்குப் பக்கம் தண்ணீர் ஆழம். நங்கூரத்துக்குப் பதிலாகக் கயிற்றின் ஒரு நுனியை மதகின் இரும்புக் கம்பியில் கட்டினோம், மறு நுனி கொம்பில். அவள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். ஆசிரியரின் மனைவி உட்காருகிற இடத்தில் மணல் மூட்டை. நான் கரையில். எனக்கு நீச்சல் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. படகுக்குப் பத்து வருஷம் துளை போட்டவன் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதில்லை.

அவள் கரைக்கு இணையாகத் துடுப்புப் போட்டாள். கயிறு விறைத்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்தது. "நல்லா இழு! இப்ப கழலும் பாரு!" என்று நான் கத்தினேன். அவள் இன்னும் இரண்டு வீச்சுப் போட்டாள். படகு இன்னும் சாய்ந்தது.

கொம்பு கழலவில்லை.

பிறகு அறுத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வார்ப்பில் பிளாஸ்டிக் எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்காது. கடைக்காரர் படகில் அந்த இடம் மெல்லிசு, இந்த அச்சில் அது மூலை, இரண்டு பங்கு கனம். ஸ்க்ரூ அங்கே கவ்விப் பிடித்துக்கொண்டது. நான் போட்ட கணக்கில் இது இல்லை. என் கணக்கில் எதுவுமே இல்லை.

படகு ஒரே சுழற்சியில் கவிழ்ந்தது. மணல் மூட்டை போன சத்தம் கேட்டது. அவள் வருவாள் என்று பார்த்தேன். அவள்தான் ஆயிரம் தடவை கவிழ்ந்தவளாயிற்றே, ஒரு மூச்சுக்குள் சிரித்துக்கொண்டே வந்துவிடுவாள். வரவில்லை. கவிழ்ந்த படகு மட்டும் ஆடியது. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் இல்லை.

மதகுக் கம்பியில் போட்ட முடிச்சை அவிழ்க்கப் போனேன், நனைந்து இறுகிக் கல்லாக இருந்தது. சட்டைப்பையில் இருந்தது டேப்பும் பென்சிலும். கத்தி இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பு, மார்பு, கழுத்து. அதற்குமேல் கால் எட்டவில்லை. அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்தக் குழந்தையின் முகம் எனக்குத் தெரியும், ஆயுத பூஜைக்குப் பட்டறைக்கு வந்து பொரி வாங்கிக்கொண்டு போகும். "அம்மா! தாயீ! வந்துடுமா!" என்று கத்திக்கொண்டே நின்றேன். இன்ஜினியர் அதைத்தான் செய்தார், கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கத்தினார்.

படகின் அந்தப் பக்கம் ஒரு கை வந்தது. கையில் கத்தி. பிறகு தலை. அவள் இருமிக்கொண்டே படகைப் பிடித்துத் தொங்கினாள். இடது கணுக்காலில் நான் மாட்டிய சுருள் கயிறு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. இன்னொன்று துடுப்போடு பின்னிக் கிடந்தது. லைஃப் ஜாக்கெட் அவளை மேலே தூக்க, கயிறு கீழே பிடிக்க, படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஜாக்கெட்டில் செருகியிருந்த கத்தியை எடுத்து அறுத்து வந்திருக்கிறாள். அந்தக் கத்தியைப் பார்த்து, "இன்னாமா, காய்கறி நறுக்கப் போறியா?" என்று நான் பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

கரைக்கு வந்து உட்கார்ந்தாள். கணுக்காலில் ரத்தம். நிறைய தண்ணீரை வாந்தி எடுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து முதல் கேள்வி கேட்டாள்.

"கழண்டுச்சாண்ணா?"

"இல்லமா."

"அப்ப நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க" என்றாள்.

அதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம். நான் அங்கேயே ஈரத்தோடு உட்கார்ந்து, ராகு காலத்திலிருந்து மைசூர்பாகு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. படகு துடைக்கக் கொண்டுவந்த பழைய புடவைத் துணியைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இதுல ஒரு கணக்கும் இல்லன்னு உங்களுக்கு எனக்கு முன்னாடியே தெரியும். அந்த வாத்தியாரு சம்சாரம் அங்க உக்காந்திருந்தா?" மணல் மூட்டை போன இடத்தைக் காட்டினாள். "கொம்பு போவக் கூடாதுண்ணா. எந்த நாளும் போவக் கூடாது. கயிறுதான் போவணும். கையால ஒரு இழுப்பு இழுத்தா போற மாதிரி இருக்கணும். அத மனுசன் செய்யணும், கொம்பு செய்யாது."

இன்றைக்கு நீங்கள் மாட்டுகிற முறை அன்றைக்கு அவள் ஈரத்தோடு உட்கார்ந்து சொன்னதுதான். கொம்புக்குப் பின்னால் வாஷரும் பூட்டு நட்டும். கயிறு மூக்குக்கோ வாலுக்கோ. முடிச்சு கிடையாது, சுற்று மட்டும். நுனியில் ஒரு மிதவை, அவிழ்த்து எறிந்துவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ள. சுருள் கயிறு எத்தனை குறைவோ அவ்வளவு நல்லது. ஜாக்கெட்டில் கத்தி. இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததாக உங்களில் யாரோ சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவு செய்து நிறுத்துங்கள்.

முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைத் தொடவில்லை. வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னார்:

"நான் தூண்டில குழாய்னு எழுதறேன். நீ பிச்சிக்கினு போனத டிசைன்னு சொன்ன. நான் அத போர்டுல எழுதினேன். நம்ம ரெண்டு பேரும் நல்லா ஜோடி சேர்ந்தோம்பா." எழுந்து போய்ப் போர்டை அவரே இறக்கினார். அன்றைய வேலைச் சீட்டில்தான் முதல்முறையாகத் தூண்டில் என்ற வார்த்தையை அவர் கையெழுத்தில் பார்த்தேன்.

ஆசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்து, கணவரைப் பார்த்து, "மொதல்ல நீச்சல் கத்துக்கறேன். அப்புறம் பாக்கலாம்" என்றார். படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. நியாயம்தான்.

கடைசியாகக் கடைக்காரர் வீடு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, மகனைக் கூப்பிட்டு, "இவருதான்டா அந்த இன்ஜினியரு" என்று அறிமுகப்படுத்தினார். நான் எழுந்து நின்று சொன்னேன். நட்டு இல்லாததால் தாழ்ப்பாள் ஸ்க்ரூ போட்டது, அதை யாரிடமும் சொல்லாதது, கழன்றது தற்செயல், நான் சொன்னது பொய், அதே ஸ்க்ரூ இன்னொருத்தியைக் கொன்றிருக்கும்.

அவர் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணா எவ்ளோ அடக்கம் பாத்தியாம்மா!" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராகு காலத்துக்கு முன்னாடி எடுத்ததாலதான்பா எல்லாம்" என்றார். நான் மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் பெருமை கூடிக்கொண்டே போனது.

பிறகு என்னைப் பூஜை அறைக்குக் கூட்டிப்போனார்கள். சாமி படங்களுக்குக் கீழே, வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு பட்டுத் துணியின் மேல் என் கொம்பு இருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. பூவுக்கு அடியில் இரண்டு தாழ்ப்பாள் ஸ்க்ரூக்களும் நீட்டிக்கொண்டிருந்தன, மரையில் பிய்ந்த பிளாஸ்டிக் சுருளோடு. அந்த அம்மா கற்பூரம் ஏற்றினார். தட்டில்தான் ஏற்றினார், நான் சொல்லிக்கொடுத்தபடி.

அதைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். தரமாட்டேன் என்றார்கள். பட்டறையில் வைத்துத் தினமும் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அது உண்மை. அவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கொடுத்தார்கள்.

பசங்களா, இப்போது கொஞ்சம் தலையைத் தூக்குங்கள். துளைபோடும் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறதே, குங்குமம் காய்ந்துபோன நைலான் துண்டு, தினமும் காலையில் மிஷினைப் போடுவதற்கு முன்னால் நீங்கள் ஊதுபத்தி காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்களே, ஆயுத பூஜைக்குப் பெரிய மாலையாகப் போட்டு என் காலிலும் விழுந்தீர்களே, அதுதான் அந்தக் கொம்பு. குங்குமத்தைத் துடைத்துவிட்டுக் கையில் எடுங்கள். ஸ்க்ரூ முனையைத் தொட்டுப் பாருங்கள். பிறகு ஓரிக்கைக்காரி வரும்போது அவள் இடது கணுக்காலையும் பாருங்கள். பார்த்துவிட்டு நட்டு டப்பாவைத் திறந்து எண்ணுங்கள்.